ரோசலினுக்குச் செவ்வாய்க்கிழமை

12 மே, திங்கள்
மழை. டென்மார்க்கில் இந்த ஹேர்னிங் ஊர் மழைக்கு மே மாதம் என்று யார் சொல்வது. சைக்கிள் சீட் தொப்பல். வேலைசெய்யும் லாண்டரியில் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு மலைபோல.
விரிப்பு மடிக்கிற மேசையில் எனக்கு எதிரே ரோசலின். கறுப்புப் பெண். கரீபியன் கடலில் சென்ட் குரோய் தீவு. முன்பு டென்மார்க்காரர் அடிமைகளை வைத்துக் கரும்பு வெட்டிய இடம். முதியோர் பராமரிப்புப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. செவ்வாய்தோறும் வகுப்பு. லீவு தருவதாக மேலாளர் கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளி கடைசி நாள்.
"டொக்டரம்மா, எனக்கு வயசு போனால் நோகாமல் ஊசி போடும்" என்றேன்.
"உமக்கு வாயிலதான் போடுவன்" என்றாள்.

13 மே, செவ்வாய்
வெயில். வாங்க: பால், வெங்காயம், கைக்குத் தைலம்.
மேலாளர் ஹென்ரிக் வந்து கேட்டான்: "செவ்வாயில ரோசலின் இல்லாமல் சமாளிப்பியோ, சாந்தி?" அவளும் பக்கத்தில். சும்மா இருப்பேனா. "ஐயோ, இவளை விட்டால் நான் செத்துப்போவன். இவளின்ர கை மாதிரி இஞ்ச வேற கை இல்லை!" மூன்று பேரும் சிரித்தோம்.

14 மே, புதன்
கையெழுத்து இல்லையாம். "உன்ர கை இல்லாமல் ஏலாது, சாந்தியே சொன்னவள்" என்றானாம். வேண்டுமென்றால் சனிக்கிழமை படிக்கட்டுமாம். சனியில் ஏது வகுப்பு?
ரோசலின் என்னை ஏசவில்லை. தேத்தண்ணி நேரம் தன் பூட்டியின் தாயைப் பற்றிச் சொன்னாள். அடிமைத்தனம் ஒழிந்து, கறுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இருந்த காலம். சின்னதில் தினமும் போனவள். கரும்பு வெட்டும் உயரம் வந்ததும் சனிக்கிழமை மட்டும். தாய் போய்த் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சியிருக்கிறாள். "உன்ர பிள்ளைக்கு நல்ல கை. விட ஏலாது" என்றானாம். பாதி வாசிப்போடு, தன் பேரை எழுத வராமலே செத்தாளாம்.
"அவனும் புகழ்ந்துதான் சொன்னவன், சாந்தி."
நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே விளங்கியது.
வீட்டில் இவரிடம் சொன்னேன். "உம்மட வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேணும்."

16 மே, வெள்ளி
காற்று. மு.ப. 7, ஹென்ரிக்கின் அறை. ரோசலினின் பேப்பரை நானே கொண்டுபோனேன்.
"அண்டைக்கு நான் பகிடிக்குச் சொன்னனான். செவ்வாயில தனியச் சமாளிப்பன். கையெழுத்தை வை."
விழுந்து விழுந்து சிரித்தான். "தனியவோ! நீ இருந்தால் இஞ்ச அலுப்பே இல்லை, சாந்தி."
"இது பகிடி இல்லை."
இன்னும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து வைக்காத பேப்பரை என் கையில் திருப்பித் தந்தான்.
கதவுக்கு வெளியே ரோசலின். சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்து, பேப்பருக்குக் கையை நீட்டினாள்.