டாக்டர் சொன்ன நாலு மாதம்

5 ஜூலை 2004, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சாந்த்ராகாச்சியில் எங்கள் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். ரிக்‌ஷா, பிறகு டாக்ஸி. கல்கத்தா ஆஸ்பத்திரி போய்ச் சேர மணி பதினொன்று.

இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். சிறுநீரகத்தை எடுத்து எட்டு மாதம்தான். அதற்குள் புற்று நுரையீரலில், எலும்பில். விரல் மடக்கி எண்ணினார். சீக்கிரம் பரவியது ஒன்று. ரத்தம் குறைவு. கால்சியம் அதிகம். பாதி நாள் படுக்கை. “இத்தனையும் சேர்ந்தவர்களுக்கு நாலு மாதம், மாஷிமா. கணக்கு அப்படி.” இந்த ஊரில் என் வயதுக்காரிகள் எல்லோரும் மாஷிமா, அதாவது சித்தி.

வெளியே இவர்: “என்ன சொன்னான்?”

“ஊசி போடணுமாம். வாரம் மூணு.”

பொய் இல்லை. பாதிதான் சொன்னேன்.

9 ஜூலை, வெள்ளி

ஜாதவ்பூர் போனேன். கோமதி வீடு. கூடப் படித்த வங்காளி சுபீரை அவள் பதிவுத் திருமணம் செய்து மூன்று வருஷம். அன்றிலிருந்து இவர் பெற்ற மகள் பெயரைச் சொன்னதில்லை. நான்தான் ஒளிந்து ஒளிந்து வருகிறேன்.

நாலு மாதம் என்றேன். அழுதாள்.

“அப்பா கூப்பிட்டாரா?”

“நான் கூப்பிடுதேன். வா.”

மேசையில் ஜெர்மனிக் கடிதம். அவளுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் சேர வேண்டும். சுபீர் அதை எடுத்து அலமாரியில் வைத்தான்.

11 ஜூலை, ஞாயிறு

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். “நாலு மாசம்னு சொல்லுதாரு. பிள்ளை முகத்தைப் பாத்திருங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு: “வரச் சொல்லு.”

வந்தார்கள். அவள் கையை விடவே இல்லை இவர். சுபீரை “மாப்பிள்ளை” என்றார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர், துர்கா பூஜை நாட்கள்

தெருமுனைப் பந்தலில் மேளம். ஊசி போட்ட நாளெல்லாம் இவருக்குக் குளிர் ஜுரம். கோமதியே ஊசி போடுகிறாள். பஸ், லோக்கல் ரயில், திரும்ப பஸ். பாதியாக இளைத்துவிட்டாள். ஜெர்மனியை விட்டாயிற்று. “அது கிடக்கும்மா” என்கிறாள். கிடக்காது, எனக்குத் தெரியும்.

வாங்க வேண்டியவை: தெர்மாமீட்டர் (பழையது உடைந்தது), பார்லி, கொசுவலை.

8 நவம்பர், திங்கள்

நாலு மாதம் முடிந்து மூன்று நாள். இவர் இரண்டு இட்லி கூடக் கேட்டார். ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. “அபூர்வம், மாஷிமா. நாங்கள் நூறு பேரை வைத்துச் சொல்வது. ஒருத்தருக்கு எப்படியென்று யாரால் சொல்ல முடியும்?”

நான் நூறு பேரையா கட்டிக்கொண்டேன்? ஜூலையில் இதைச் சொல்லியிருக்கலாமே.

சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லையென்று சொல்லவில்லை.

14 ஜனவரி 2005, பொங்கல்

இவரே நடந்து போய்க் கரும்பு வாங்கி வந்தார். மதியம் கோமதியும் சுபீரும். சாப்பிடும்போது இவர் தட்டைத் தள்ளினார். “மீன் கவிச்சி அடிக்கி.” எங்கள் வீட்டில் ஏது மீன்? சுபீருக்கு இதற்குள் தமிழ் புரியும். தலையைக் குனிந்துகொண்டான்.

கோமதி: “அப்பா, போன மாசம் வரை அவன் தோளைப் பிடிச்சுத்தான நடந்திய?”

“சாகப் போறவன்னு உங்கம்மா பயங்காட்டினா. சரின்னேன். இல்லைன்னா இவன் இந்தப் படி ஏறியிருப்பானா?”

அவள் எழுந்து கை கழுவினாள். சுபீர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். பொங்கல் அப்படியே பானையில்.

நாலு மாதத்தில் போயிருந்தால் நல்ல அப்பாவாகப் போயிருப்பார். இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

6 பிப்ரவரி, ஞாயிறு

வெயில் நல்ல வெயில். கோமதி வந்து மூன்று வாரத்துக்கு மேல். ஊசி இப்போது நான் போடுகிறேன். முதல் குத்தில் சரியாக இறங்குவதில்லை. இவர் திட்டுகிறார்.

காலையில் தானே முகச்சவரம் செய்துகொண்டார். நல்ல மனநிலையில் இருப்பதுபோல் தெரிந்தது. கேட்டேன்: “கோமதியைக் கூப்பிடட்டுமா?”

கண்ணாடியைப் பார்த்தபடியே: “எதுக்குட்டி? எனக்கு இப்ப என்ன கேடு?”

நாளை ஜாதவ்பூர் போகிறேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான். ஊசியை இவரே போட்டுக்கொள்ளட்டும்.