பத்தொன்பதாவது நிமிடம்

கூம் ஹெபாக்
நவம்பர் 7, 1999

திரு. எல்ஃபெட் ப்ரோதெரோ அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வழக்கறிஞர் என்னைத் 'திரு. பெய்னன் அவர்களே' என்று அழைத்து எழுதியிருந்தார். நானும் அதே மரியாதையோடு தொடங்குகிறேன். ஒரே தெருவில் ஆறு வீடு தள்ளிப் பிறந்து, ஒரே வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய இரண்டு பேருக்கு நடுவே இது எத்தனை வரி தாங்கும் என்று பார்க்கலாம்.

தாங்கவில்லை. எல்ஃபெட், நீ அனுப்பச் சொன்ன காகிதம் வந்து சேர்ந்தது. நம் ஹாலோ ஹில் குழுவின் ஒரே உருப்படியான இசைத்தட்டைக் குறுந்தகடாக வெளியிடப் போகிறாய். இரண்டாம் பக்கம் முழுக்க ஓடும் இருபத்து மூன்று நிமிடப் பாட்டிலிருந்து என் டிரம்ஸை எடுத்துவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் யாரோ ஒரு கெட்டிக்காரனை வைத்துப் புதிதாக அடிக்கப் போகிறாய். பத்தொன்பதாவது நிமிடத்தில் தாளம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறதாம், கணினியில் அதைச் சமன் செய்ய வேண்டுமாம். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

தர மாட்டேன். ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணத்தை உனக்கு எழுதாமல் இந்தக் காகிதத்தைத் திருப்பினால், அது இன்னொரு பொய்யாகிவிடும்.

முதலில் ஊர்ச் சேதி. சுரங்கம் மூடிப் பதினாலு வருடம் ஆகிறது. கரிக்கழிவு மலையில் புல் நட்டிருக்கிறார்கள், ஆடுகளுக்கே அது பிடிக்கவில்லை. பெத்தானியா தேவாலயத்தில் இப்போது தரைக் கம்பளம் விற்கிறார்கள். தொழிலாளர் மன்றம் மட்டும் நடக்கிறது. அதன் நிகழ்ச்சிச் செயலாளர் மாஸ்டினுக்கு எண்பது தாண்டிவிட்டது. எழுபத்தொன்றில் நாம் முதல்முறை அங்கே வாசித்தபோது, பத்தாவது நிமிடத்தில் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினாரே, அவர்தான். "டேய் பசங்களா, சுருதி சேத்தது போதும்டா. பிங்கோ ஆட்டம் முடியட்டும், அப்புறமா வந்து பாட்ட ஆரம்பிங்க" என்றார். இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால், "என்னா இல்டிட்டு, சுருதி சேந்துச்சா?" என்று கேட்கிறார். இந்தப் பள்ளத்தாக்கு நம் இசைக்கு எழுதிய ஒரே விமர்சனம் அது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். எனக்கு வலது காது போய்விட்டது. பையன்கள் அதைக் கண்டுபிடித்து, வகுப்பில் வலப்பக்கமாகவே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

குறுந்தகட்டோடு வரப்போகும் குழுவின் வரலாற்றையும் அச்சடித்து இணைத்திருந்தாய். இரண்டு பக்கம். அதில் எனக்கு ஒரு வரி: 'டிரம்ஸ் வாசித்தவர் இல்டிட் பெய்னன், பின்னாளில் ஆசிரியரானார்.' மீதியை நான் தருகிறேன், இடமிருந்தால் சேர்த்துக்கொள்.

ஒன்பது வயதில், திருவிழா ஊர்வலத்தில் தகர ஊதிகளை வாயில் வைத்து அணிவகுத்த சுரங்கத்து ஆட்களுக்கு முன்னால், தோளில் மாட்டிய டிரம்மோடு நடந்தேன். வேஷத்துக்கு ஜன்னல் திரையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்தவர் என் அப்பா. "வேடிக்க பாக்காதடா, காலப் பாத்து அடி. ஊரே உன் கையிலதான் நடக்குது" என்று பின்னாலிருந்து அதட்டினார். பிறகு பள்ளி இசைக்குழு. பிறகு ஆபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வரலாறு, இரண்டு வருடம். அப்போதுதான் நீ ஓர் ஓட்டை வேனோடு வந்து விடுதி வாசலில் நின்றாய். நான் படிப்பை விட்டதற்கு அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். "போ, போய்ப் பாரு. நீ கீழ எறங்காம இருந்தாச் சரி" என்றார். கீழே என்றால் அவருக்குச் சுரங்கம்.

இசைத்தட்டு வந்தது. உறையில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம், படத்தில் என் தலையில் பாதியைக் காணோம். இயற்றியவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். அந்த ஏழெண்ணிக்கைத் தாளம் உன் கிதாரிலிருந்தா முளைத்தது? போகட்டும். இத்தாலியில் ஒரு விளையாட்டரங்கில் ஆறாயிரம் பேர் அந்த ஏழுக்குப் பிசகாமல் கைதட்டினார்கள். அது நடந்தது, நான் கேட்டேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து, மூன்று சுரம் மட்டும் தெரிந்த பங்க் இசைப் பையன்கள் கிழிந்த சட்டையோடு வந்து, இருபத்தாறு வயதில் என்னைக் கிழவனாக்கினார்கள். நீ கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டாய். நான் ஒரு கடற்கரை விடுமுறை முகாமில் நகைச்சுவைக்காரன் ஒருவனுக்கு அடித்தேன். அவன் ஜோக் சொல்லி முடித்ததும் டிரம்மில் இரண்டு தட்டு, பித்தளைத் தட்டில் ஒன்று. ஒரு காட்சிக்கு நாற்பது ஜோக். அப்புறம் அயர்லாந்து போகும் கப்பலில் நடன இசை. அங்கேதான் காது போனது. குச்சிகளை வைத்துவிட்டு, விட்ட படிப்பை முப்பத்து மூன்று வயதில் முடித்தேன். ஒரு புரோகிரசிவ் ராக் டிரம்மரின் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான்.

இனி அந்த நாள். 1973, மார்ச் 14, புதன்கிழமை.

மான்மவுத் பக்கம், பண்ணை வீட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கூடம். ஆறு மணியோடு நம் முறை முடிகிறது, அடுத்த குழு வந்துவிடும். இரண்டு நாளாக இரண்டாம் பக்கம் முழுதாக வரவில்லை. நான் பழைய தொழுவத்தில் டிரம்ஸோடு இருந்தேன், ஆர்கன்காரனும் பாஸ் கிதார்காரனும் என் பக்கத்தில். உன் கிதாரைப் பிறகு சேர்ப்பதாக இருந்ததால், நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளரோடு இருந்தாய். தொலைபேசியும் அங்கேதான் இருந்தது.

நண்பகலில் இங்கே சுரங்கத்தில் கூரை சரிந்து என் அப்பா கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்கும்போது உயிர் இருந்தது. பிழைக்க மாட்டார் என்று தூக்கிய ஆட்களுக்கே தெரிந்துவிட்டது. நம் ஊரில் அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. வேலையில் இருந்த தொள்ளாயிரம் பேரும் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்து, கரி முகத்தோடு வீட்டுக்கு நடந்தார்கள். ஒருவன் போனால் அன்றைக்குச் சுரங்கமே நிற்கும். அவனைப் பிடிக்காதவனும் நிற்பான்.

என் அக்கா மென்னா, தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து இரண்டே காலுக்குக் கூப்பிட்டாள். எடுத்தவன் நீ. அப்பா ஆஸ்பத்திரியில் ஐந்து மணி ஐந்து நிமிடம் வரை இருந்தார். வேனில் ஒன்றரை மணி நேரப் பயணம். நீ எனக்குச் சொன்னது ஆறு மணிக்கு.

இறுதி ஊர்வலத்தில் ஆண்கள் மட்டும், நம் வழக்கப்படி. சவப்பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நான் நடந்தேன், எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓர் அடி கூடுதலாக இடைவெளி விட்டார்கள். மன்றத்தில் அப்பாவின் கூட்டாளி ஷோனி ப்யூ என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் சத்தம் போடவில்லை. "தொள்ளாயிரம் பேரு கருவியக் கீழ போட்டோம், தம்பி. பெத்த புள்ள நீ ஒருத்தன்தான் குச்சியக் கீழ போடல. பாட்டு நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. எல்ஃபெட் மறைச்சிட்டான்."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் தப்பித்தேன். அவர் என் தோளைத் தொட்டு, "அந்தப் பயலா?" என்றார். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்க அது தெரிந்துவிட்டது. குழு அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடியது. நீ வேனில் முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்து ஐரோப்பாவைச் சுற்றினோம். ஆனால் நீ இந்த ஊருக்கு வருவது நின்றது. எண்பத்து நான்கில் உன் அம்மா இறந்தபோது வந்தாய். அந்த ஊர்வலத்தில் உன் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. பெட்டியைத் தூக்க உன் மாமா நான்கு பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் எதிர்ச் சாரியில், செருப்புக் கடை வாசலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். நான் சாலையைத் தாண்டவில்லை.

நீ ஏன் ஊரில் ஒருவரிடமும் உன் பக்கத்தைச் சொல்லவில்லை என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. ஒருவேளை உனக்கும் தெரியாதோ என்னவோ. ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும், எல்ஃபெட்.

அந்தத் தடவை பாட்டு முதலிலிருந்தே அமைந்து வந்தது. இரண்டு நாளில் முதன்முறையாக யாரும் தவறவில்லை. பத்தொன்பதாவது நிமிடத்தில் நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நீ தொலைபேசியைக் காதில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாய். சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாம். யாராவது அப்படிப் பார்த்துவிட்டு அப்படித் திரும்பினால் வாசலுக்கு என்ன வந்திருக்கிறது என்று நமக்கு ஆறு வயதிலேயே தெரியும். என் கை ஓட ஆரம்பித்தது. ஆர்கன்காரனும் பாஸ்காரனும் என்னைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். நாற்பது வினாடி. அதற்குப் பிறகு கையைப் பிடித்து நிறுத்தி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்து, இருபத்து மூன்றாவது நிமிடம் வரை ஒழுங்காக அடித்து முடித்தேன். முடித்தேன் என்பதைக் கவனி.

வெளியே வந்து உன்னிடம் கேட்டேன், "போன்ல யாரு?" நீ சொன்னாய், "பண்ணக்காரன்டா. ஆடு வேலியத் தாண்டிருச்சாம்." உன் உதடு வெளுத்திருந்தது. நான் சிரித்தேன். "சரி, முதல் பக்கத்துல விட்டதெல்லாம் இப்பவே அடிச்சிரலாம்" என்றேன். அதைச் சொன்னது நான். நீ அப்போது வாய் திறந்தாய், நான் தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

நீ மறைத்தாய், அதில் மாற்றமில்லை. உன்னிடம் எனக்குள்ள மற்றக் குறைகளும், அந்தப் பாதித் தலை உட்பட, அப்படியே இருக்கின்றன. ஆனால் இருபத்தாறு வருடமாக உன்னை இந்த ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தது என் வாய். இருபத்து மூன்று வயதில் எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம், இதைவிட நல்ல காரணத்தை இத்தனை நாளாகத் தேடியும் கிடைக்கவில்லை.

இதை உனக்கு எழுதும் முன்னால் மென்னாவிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. நேற்றுக் காலை போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மார்ச் மாதமும் "அந்த எல்ஃபெட்டு நல்லாருப்பானா" என்று உன்னைச் சபிப்பவள் அவள். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ திரும்பக் கூப்பிடுவன்னு அந்தப் பொட்டிக்குள்ளயே இருவது நிமிஷம் நின்னேன்டா. ஆளுங்க எல்லாம் கண்ணாடியத் தட்டி வீட்டுக்குப் போகச் சொன்னாங்க" என்றாள். பிறகு அதே சட்டையை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் கிளம்பும்வரை. இன்று ஞாயிறு. வழக்கமாக அவள் வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு. போனேன், கதவு திறக்கவில்லை.

உன் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் இதோடு வைத்திருக்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் செய். என் பெயரை எடுத்துவிடு. மற்ற இருபத்திரண்டு சொச்சம் நிமிடத்துக்கும் உன் கெட்டிக்காரனையே வைத்துக்கொள், அவன் என்னைவிட நன்றாகத்தான் அடிப்பான். அந்த நாற்பது வினாடியை மட்டும் தொடாதே. அப்பாவுக்காக நான் வேலையை நிறுத்தவில்லை. அந்த நாற்பது வினாடி ஓடியதுதான் நான் செய்தது. அதையும் சமன் செய்துவிட்டால், அன்றைக்கு நான் ஒன்றுமே அறியாதவனாக அடித்தேன் என்று உலகம் உள்ளவரை அந்தத் தட்டு பொய் சொல்லும்.

உன் செவிகள் எனக்கு ஆனதுபோல் ஆகாமல் நெடுங்காலம் நன்றாக இருக்கட்டும், எல்ஃபெட். ஒரு தடவை, திருத்தும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தனியாக உட்கார்ந்து அந்த இடத்தைக் கேள்.

இப்படிக்கு,
இல்டிட் பெய்னன்