சாப்பிடும்போது சொன்னது

வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் ஒரு மாதமாகிறது. பேச்சுவார்த்தைக்குப் போனவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்களாமே. உன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "லெட்டர் மட்டும்தான் மேடம் போகும்" என்று முகவரி கொடுத்தாள். எனக்கு ஒருவகையில் சந்தோஷம்தான். போனில் நீ வேறு யாரிடமோ பேசிக்கொண்டே என்னிடமும் பேசுவாய். கடிதத்தில் அந்த வித்தை நடக்காது.

மருந்துக்கடை ஓடுகிறது. குளிர் காலமல்லவா, இருமல் மருந்துக்குத்தான் கிராக்கி. உன் அத்தானின் அச்சகத்தில் வேலைக்குக் குறைவில்லை, எல்லாம் நோட்டீஸ், எல்லாம் இலவசம். குழாய் எதிர்ப்புக் குழுவுக்கு இவரைத் தலைவராக்கியதிலிருந்து வீடு சத்திரமாகிவிட்டது. பக்கத்து நாட்டு எரிவாயு நம் ஊர் வழியாகத் துறைமுகத்துக்குப் போனால் கீழ்த்தெருவில் நாற்பத்தொரு வீடுகள் போகும். மேல்தெருவும் கீழ்த்தெருவோடு சேர்ந்து சம்மதக் கையெழுத்துப் போடாமல் நிற்கிறது. ஆற்றங்கரை மண் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், போன மழையில் இரண்டு வீடு சரிந்ததை வந்து பார்த்தாயே. வடக்கே மலை வழியாகக் கொண்டுபோனால் யார் வீடும் போகாது என்கிறார் இவர். நீ அந்தப் பேச்சு நடக்கும் அறையிலேயே உட்கார்ந்திருப்பவன், உனக்கு நான் சொல்ல வேண்டுமா.

நேற்று கூட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்: "சும்மா கத்திட்டிருக்கோம். ஒரு தண்ணிக் குழாயப் போட்டுக் குடுத்தான்னா பாதிப் பேர் நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவான். மீதிப் பேர் அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போடுவான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் எவ்வளவு சலித்துப் போயிருக்கிறார் என்றுதான் தோன்றியது. இதையெல்லாம் உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


விடுதி, நான்காம் மாடி
பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்தது. இங்கே வருவதையும் போவதையும் பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் படித்துவிட்டுத்தான் விடுவார். இருமல் மருந்து நிலவரம் இப்போது அவருக்கும் தெரியும்.

பத்திரிகையில் வந்ததை மட்டும் எழுதுகிறேன், அதற்கு மேல் எழுதினால் கறுப்பு மை பூசிவிடுவார். நீளமான மேசை. இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். 'உறுதி அளிக்கும்' என்று போடுவதா, 'முயற்சி செய்யும்' என்று போடுவதா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினோம். பேச்சு தொடங்கி நான்காவது வருஷம் இது. அவர்கள் குழுத் தலைவருக்குக் காது மந்தம் என்கிறார்கள். எனக்கென்னவோ பிடிக்காதது மட்டும்தான் அவருக்குக் கேட்பதில்லை என்று படுகிறது. தூரம் குறைவு என்று, நம் ஊர் வழியாகப் போகும் தெற்குத் தடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார். "நடுவுல உங்க ஜனங்க மறிச்சா என் வாயு எங்க போய் நிக்கும்?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. மலைத் தடம் என்றால் இன்னும் ஐந்து வருஷம் ஆகும். நம் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சூடேற்ற வாயு இல்லாமல் இந்தக் குளிரில் இரண்டு வார்டை மூடிவிட்டார்கள். ஒன்று குழந்தைகள் வார்டு.

ஒன்று கேட்கிறேன். அத்தான் அன்றைக்குச் சொன்னது விளையாட்டுக்கா, நிஜமாகவா? மேல்தெருவில் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் இல்லை? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடைக்காரிக்கு நான் வைத்தியம் சொல்ல முடியாது. கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்.

அன்புடன்,
தம்பி


வீடு
மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். காது மந்தப் பெரியவர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தைகள் வார்டு என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அவன் பாடும் லேசில்ல" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில். மேல்தெருவில் நூற்றிருபது வீடு இருக்கும். செவ்வாயும் சனியும் தண்ணீர் லாரி வருகிறது. லாரி வரும் நாளில் கடையில் ஒரு வியாபாரம் ஆகாது, எல்லோரும் குடத்தோடு நிற்பார்கள். குழுவில் இருக்கும் தையல்காரரே, "தண்ணி வந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல" என்று இவரிடம் சொன்னாராம். கீழ்த்தெருக்காரர்களுக்கு இது தெரியாது. இவர் ஒருவர்தான் இரண்டு தெருவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் சொன்னது அலுப்பில் சொன்னது, தம்பி. கையை வெட்டினாலும் இவர் கையெழுத்துப் போட மாட்டார். அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

அன்புடன்,
அக்கா


விடுதி
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பேப்பரில் பார்த்திருப்பாய். தெற்குத் தடம்தான். அத்தானுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் மேல்தெருவுக்கு நிரந்தரத் தண்ணீர் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்திருக்கிறேன். கீழ்த்தெருவுக்கு மாற்று வீடு உண்டு. அடுத்த குளிருக்குள் ஆஸ்பத்திரிக்கு வாயு வந்துவிடும். இதற்குமேல் யாராலும் வாங்கியிருக்க முடியாது என்று நம்புகிறேன்.

அவசரமாக எழுதுகிறேன். கீழே கார் நிற்கிறது.

தம்பி


வீடு
ஏப்ரல் 20

தம்பிக்கு,

முந்தாநாள் பள்ளிக்கூட ஹாலில் குழாய்த் திட்ட அதிகாரி கூட்டம் போட்டார். நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். கீழ்த்தெருப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். அதிகாரி கெட்டவரில்லை, சின்ன வயசு, பயந்து போயிருந்தார். "கேக்காம ஒண்ணும் செய்யலம்மா, இதோ பேச்சுவார்த்தைக் குறிப்புலயே இருக்கு" என்று கையிலிருந்த தாளைப் படித்தார்.

'தண்ணீர்க் குழாய் அமைத்துத் தரப்படுமாயின் பாதிப் பேர் மறுநாளே கையெழுத்திடுவர். எஞ்சியோர் அவர்கள் முகம் பார்த்துக் கையெழுத்திடுவர் என எதிர்ப்புக் குழுவின் தலைவரே கருதுகிறார்.'

நல்ல தமிழில் திருத்தியிருந்தார்கள்.

ஹால் முழுக்க உன் அத்தானைத் திரும்பிப் பார்த்தது. தையல்காரர், "நீங்க சொன்னீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். "சொன்னேன்" என்றார். எங்கே சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று விளக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் அதைச் சொன்னபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் சொன்னது உன் ஒருவனிடம்தான். கடிதத்தைப் பிரித்துப் படிப்பதாக எழுதியிருந்தாயே, அந்த ஆள் வேலையா இது? எனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் வேண்டாம், உடனே எழுது.

அக்கா


தலைநகரம்
மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்து அதிர்ந்துபோனேன். நீ நினைத்ததுதான் நடந்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பிரிவில் படிக்கும் எதையும் அவர்கள் மேலே அனுப்பிவிடுவார்கள். விசாரிக்கிறேன். உன் மீதும் அத்தான் மீதும் எந்தத் தப்பும் இல்லை என்று அவரிடம் சொல்.

அன்புடன்,
தம்பி


வீடு
ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் படித்தேன். "பாவம், அவனுக்கு எவ்வளவு தர்மசங்கடம்" என்றார்.

அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. அச்சகத்துக்கு யாரும் வருவதில்லை என்பதை விடு, அது போகட்டும். கீழ்த்தெருவில் வீடு காலி செய்கிறார்கள். சாமான் ஏற்றிக் கொடுக்கப் போனார். ஒரு அம்மாள் இவர் கையிலிருந்த பாயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னாளாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். கோபமா என்று கேட்டேன். "கோபமில்லம்மா. எதச் சொன்னா எங்க போகுமோன்னு வாய் வர மாட்டேங்குது" என்றார். முப்பது வருஷம் இந்த வீட்டில் அவர் பேச்சு ஓய்ந்ததே இல்லை. இப்போது ஃபேன் சத்தம்தான்.

போன வாரம் ஒரு மாற்றம். கடிதத்தைப் பிரித்துப் படித்து ஊருக்கே குழி பறித்தார்கள் என்று அமைச்சகத்துக்கு ஒரு புகார் எழுதினார். தானே அச்சுக் கோத்து, மூன்று தடவை மெய்ப்புப் பார்த்து அனுப்பினார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டாம் முறை சோறு கேட்டார். நீயும் உன்னால் ஆனதைச் செய்.

அக்கா


தலைநகரம்
ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

அத்தானின் புகார் வந்தது. அந்தப் பாதுகாப்பு ஆளை இடைநீக்கம் செய்தார்கள். அவர் என் அறை வாசலுக்கு வந்து நின்றார். "சார், உங்க அக்கா லெட்டர்ல ஒரு வரியும் நான் வெளிய சொன்னதில்ல. உங்களுக்குத் தெரியும்தானே சார்" என்றார். எனக்குத் தெரியும்.

சொன்னது நான்தான், அக்கா. மார்ச் மாதம் இருபத்து நான்காம் தேதி அந்தப் பெரியவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை பதில் இல்லையென்றால் கிளம்புகிறோம் என்றார். அமைச்சர் எங்கள் வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. "அந்த ஊர எனக்குத் தெரியும்" என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பெரியவருக்குத் தெளிவாகக் கேட்டது. எழுத்தில் கொடுங்கள் என்றார். அந்தக் குறிப்பை எழுதியதும் நான்தான். பெயர் போடவில்லை, அதனால் தப்பில்லை என்று நினைத்தேன். ஊர்க் கூட்டத்தில் யாரோ படிப்பார்கள் என்று தோன்றவே இல்லை. அத்தான் கையெழுத்துப் போட மாட்டார் என்று நீ எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன்.

குழந்தைகள் வார்டை நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். அந்த வரிசையில் எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது என்ற சந்தோஷமும் இருந்தது. அதுவும் உண்மை.

போன வாரம் விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பாதுகாப்பு ஆளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. என்னைக் கோப்புக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். இதை அத்தானிடம் படித்துக் காட்டு. டிசம்பர் விடுமுறையில் வந்து அவர் காலில் விழ வேண்டும். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது எழுது.

தம்பி


வீடு
செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். இரண்டு பேருக்கு மருந்து மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அவரிடம் காட்டவில்லை. காட்டப் போவதுமில்லை. அமைச்சகத்திலிருந்து அவர் புகாருக்குப் பதில் வந்துவிட்டது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரே வரி. அதை நாலு பேருக்குக் காட்டினார். தையல்காரர்கூட வந்து பார்த்துவிட்டு ஒரு பில் புத்தகம் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். மேல்தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். கீழ்த்தெருவில் ஒருவரும் இல்லை. இவர் சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறார். ஆனால் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார். நேற்று சாப்பிடும்போது, "தம்பி மட்டும் உள்ள இல்லன்னா இத யாரு விசாரிச்சிருப்பா" என்றார். நான் குழம்பை ஊற்றினேன்.

அந்த ஆளுக்கு வேலை கிடைத்தது நல்லது. உனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். எனக்குப் புரியாமலில்லை.

ஆனால் உன் அத்தானுக்கு நம்புவதற்கு ஒரு ஆள் மிச்சமிருக்கிறது. அதையும் நான் பிடுங்க மாட்டேன். முப்பது வருஷத்தில் அவரிடம் எதையும் மறைத்ததில்லை. இனி தினமும் இதை மறைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார வேண்டும். நீ எனக்குக் கொடுத்தது இதுதான்.

டிசம்பரில் வா. வராவிட்டால் ஏன் என்று கேட்பார், என்னால் பதில் சொல்ல முடியாது. காலில் விழுகிறேன், கையைப் பிடிக்கிறேன் என்று எதுவும் வேண்டாம். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை அவரே வாங்கிக்கொள்வார். நான் உனக்குச் சமைத்து வைப்பேன். அவர் எதிரில் நாம் எப்போதும்போலப் பேசிக்கொள்ளலாம்.

அவர் எழுந்து வெளியே போனால், நீயும் கூடவே போய்விடு.

அக்கா