பட்டுத் திருடியின் வசைகள்

14 மார்ச் 1969, கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி

இல்லை, வசந்தா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எரிச்சல். பழைய லண்டனில் எஜமானியின் பட்டைத் திருடித் தூக்கிலேறிய ஒரு வேலைக்காரியைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறேன். நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்து தந்த தோழி வசந்தா, அந்த வேலைக்காரி நீதிபதியைத் திட்டிய வசைகளையெல்லாம் நீக்கிவிட்டு, ‘மரியாதையின்றிப் பேசினாள்’ என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாள்.

“ஏன்டி எடுத்தே?”

“உன் பேர்ல வரப்போற தீசிஸ்டி! ப்ரொஃபசர் என்ன நினைப்பார்?”

“திட்டினது நானா?”

“டைப் அடிச்சது நான்தானே!”

நீதிமன்றப் பதிவில் வேலைக்காரியின் முழுப்பெயர்கூட இல்லை. அவள் வாயிலிருந்து வந்ததாக மிஞ்சியிருப்பவை அந்த வசைகள் மட்டும்தான். அவற்றையும் இங்கே ஒரு மயிலாப்பூர்க்காரி துடைத்துவிட்டாள்.

பதினோரு பக்கங்களைத் திரும்ப அடிக்க வேண்டும். வசந்தாவை எதிரே உட்காரவைத்து, என் கையெழுத்துப் பிரதியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் வசைகளை முணுமுணுத்தாள். மூன்றாம் பக்கத்தில் எழுந்து நின்று அவற்றைக் கத்தியே வாசித்தாள். நான் ஒரு சொல் விடாமல் அடித்தேன்.