பாதி மொட்டை அடித்த பங்குனி

கார்த்திகை 9, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். தனுஷ்கோடியில் ரயிலைக் கடல் கொண்டுபோன மார்கழி. தையில் இந்தி வேண்டாமென்று பள்ளிக்கூடமெல்லாம் அடைப்பு. அதற்குப் பின் வந்த பங்குனி. அறுபது வருடம் ஆகியும் இன்று முழுக்க அந்த வருடம்தான் மண்டைக்குள்.

பள்ளிக்கூடம் மிதிக்காதவன் நான். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. புத்தகத் தமிழ் பேசினால்தான் அதற்குப் புரிகிறது. ரேடியோ செய்திக்காரர் மாதிரி, கதவைச் சாத்திக்கொண்டு.

இன்று பழசெல்லாம் நினைவு வரக் காரணம் தனம். அக்கா மகள், டீச்சர், பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு. காரைக்குடி செக்காலையில் அவள் வீட்டில்தான் எனக்குச் சோறும் படுக்கையும். இன்று வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. வகுப்பில் பிரவீன் என்று ஒரு பையன். ஒரு பையன்மேல் ஆசை என்று கூட்டாளியிடம் சொன்னானாம். கூட்டாளி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். பெஞ்சில் ‘ஒம்போது’ என்று கீறல். நடந்தால் கைதட்டு. போன் குரூப்பில் அவன் முகத்துக்குச் சேலை கட்டிய படம்.

“சாப்புட மாட்டேங்கிறானாம் மாமா. ரூமைவிட்டு வரலையாம். திங்கக்கிழமை அவுக அப்பா டிசி வாங்க வர்றாரு. படிப்பு போதுமாம், திருப்பூருக்கு அனுப்பப் போறாராம்.”

மாத்திரை போட்டேன்.

கார்த்திகை 10, புதன்

மழை இல்லை. கொத்தவரங்காய்.

தனம் இன்று வகுப்பில் அதையே பாடமாக எடுத்தாளாம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்கள், ஆணை விரும்பிய ஆண்களைப் பிடித்து, சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைத்து முகாமில் அடைத்தார்களாம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம் நம் நாட்டிலும் கொஞ்ச வருடம் முன்புவரை இருந்ததாம். ஜெயிலாம்.

அடையாளத் துணி என்றதும் கை தானாகத் தலைக்குப் போனது. இடப்பக்கம்.

“பயலுக என்ன சொல்றானுக தெரியுமா மாமா? ‘அதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் டீச்சர், நம்ம பக்கம் அப்புடி ஆளும் இல்ல, அடியும் இல்ல’ங்கிறானுக. பின்னாடி பெஞ்சுல ஒரே சிரிப்பு. நம்ம பக்கம் ஒரு சாட்சி இருந்தா வாயை அடைக்கலாம். எங்குட்டுப் போயித் தேட?”

மோரை வைத்துவிட்டு எழுந்தேன்.

கார்த்திகை 12, வெள்ளி

அடைமழை. தூக்கம் போச்சு. இந்தப் போனிடமாவது சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரன் எவனும் வெளியில் ராத்தங்கக் கூடாது. கட்டிய மறுநாள் ராயப்பனுக்குக் காய்ச்சல் என்று தகவல். காரைக்குடி லாரி செட்டில் மூட்டை தூக்கியவன். வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். தனியாள். போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் நினைப்பு. அனலாகக் கொதிக்கிற கை என் கையை விடவில்லை. தங்கிவிட்டேன்.

தெய்வக்குற்றம் செய்தவனைத் தேடித்தான் விடியலில் வந்தார்கள். ஒரே பாயில் இரண்டு பேரைப் பார்த்தார்கள்.

ஊர்ப் பொட்டலுக்கு இழுத்துப் போனார்கள். இருவருக்கும் பாதித் தலை சிரைப்பு, இடப்பக்கம். செருப்பு மாலை. பெண்களைக் குலவை போடச் சொன்னார்கள். போட்டார்கள். அக்கா வாயை இறுக்கி மூடி நின்றாள், பார்த்தேன்.

மிச்ச மயிரை நானே சிரைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினேன். ராயப்பன் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. கிணற்றில் எடுத்தார்கள். முகம் பார்க்கப் போகவில்லை. போயிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

தனத்தின் பிள்ளைகளுக்கு நான் கல்யாணம் வேண்டாமென்ற சாமியார் தாத்தா. தனம் மகளுக்கு அரியக்குடியில் மாப்பிள்ளைப் பேச்சு. நான் வாய் திறந்தால் அது போகும். தனம் வேலை போகும். இந்தச் சோறும் போகும்.

அந்தப் பையன் இன்றும் சாப்பிடவில்லையாம்.

கார்த்திகை 14, ஞாயிறு

வெயில். சொல்லிவிட்டேன். தனம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதான் ஒங்க தட்டுல எப்பவும் முதச் சோறு போட்டாகளா?”

அப்புறம் அவளே, “அரியக்குடிக்காரவுக கேட்டா கேட்டுக்கிறட்டும். நாளைக்கு எங்க வகுப்புக்கு வாரீகளா மாமா?”

வேட்டி ஊறப் போட்டிருக்கிறேன். போகாமல் இருந்துவிடலாமா.

கார்த்திகை 15, திங்கள்

மூட்டம். ஆட்டோ. ஹெட்மாஸ்டர் ஒரு பீரியடு கொடுத்தார். “வரலாறுன்னா வரலாறோட நிறுத்திக்கங்க பெரியவரே.”

வராந்தா பெஞ்சில் டிசிக்குக் காத்து ஒரு அப்பா. பக்கத்தில் ஒரு பையன், எலும்பும் தோலுமாக. அவன்தான். வகுப்புச் சன்னல் திறந்தே இருந்தது.

ரயில் போன கதையில் ஆரம்பித்தேன். கவனமாகக் கேட்டார்கள். யாரோ இரண்டு பேருக்கு நடந்ததுபோலத்தான் சொன்னேன். ஒரே பாய் என்றதும் பின்வரிசையில் கைதட்டு.

“தட்டி முடிங்கப்பா. அன்னைக்கும் தட்டுனாக.”

நின்றது. செருப்பு மாலை, கிணறு, எல்லாம் சொன்னேன். முன்பெஞ்சுப் பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது.

“அதுல யாராச்சும் இப்ப உசுரோட இருக்காகளா தாத்தா?”

தீர்ப்புச் சொன்ன ஊர் அம்பலம் இல்லை. சிரைத்தவர் இல்லை. குலவை போட்டவர்களில் ஒருத்தரும் இல்லை. ராயப்பன் இல்லை. தனம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே அந்தப் பையன் எழுந்து நின்றான்.

“ஒருத்தன் இருக்கான் தாயி. பேரு வெள்ளைச்சாமி. ஒங்க டீச்சருக்குத் தாய்மாமன்.”