சனிக்கிழமைப் புகை

மிச்சிகன், 1914

ஜனவரி 10, சனி

இன்றும் சௌனாக் குளியலறைக்கு நெருப்பு மூட்டினேன். இன்றும் யாரும் வரவில்லை. புகைபோக்கியில் புகை தெரிந்தாலே அழைப்பு வைத்த மாதிரிதான். துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியது. இந்த மேட்டில் ஃபின்லாந்துக்காரர்கள் நாங்கள் குடியேறிய நாளிலிருந்து அப்படித்தான். ஆறு வாரமாக எல்லோருக்கும் கண் தெரியவில்லை போலும்.

ஹுல்தாவும் அவள் புருஷன் நெஸ்தோரியும், பின்னால் அக்கம்பக்கத்து ஆட்களும், வாளியும் துண்டுமாக என் வாசலைத் தாண்டி உச்சி வீட்டுச் சௌனாவுக்குப் போனார்கள். முழங்கால் பனியில் அரை மைல் கூடுதல் நடை. ஹுல்தாவுக்கு எட்டாம் மாதம். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

நானும் தைமியும் மட்டும் குளித்தோம். "அம்மா, நம்ம மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. சூடான கல்லில் தண்ணீரை ஊற்றி, அந்த ஆவியில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13

அப்படி என்ன செய்துவிட்டேன்? எழுதியே பார்க்கிறேன். என் புருஷன் எமேலி சுரங்கத்தில் செத்து இரண்டு வருடம். வீடு கம்பெனியுடையது. சுரங்க ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டால் இருக்கலாம் என்றார்கள். இருந்தேன். வேலைநிறுத்தம் வந்தது, தங்கியிருந்த நம் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். கம்பெனி வெளியூரிலிருந்து புதிதாக நால்வரை அனுப்பியது. கதவைச் சாத்தியிருந்தால் அடுத்த நாள் நானும் தைமியும் தெருப் பனியில். சாத்தவில்லை.

அந்த நால்வரும் பாவம்தான். இங்கே வேலைநிறுத்தம் என்று ரயிலேற்றும்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பழக்கம்தான் தெரியாது. காபி வேண்டுமா என்றால் கேட்ட உடனே கோப்பையை நீட்டுகிறார்கள்! எங்களில் மூன்று தடவை கூப்பிடாமல் யாராவது காபிக்கு எழுந்திருப்போமா?

கடை வாசலில் ஹுல்தா சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. "கருங்காலிக்குச் சோறு போடுற கையால நான் காபி குடிக்கணுமா?" அவள் கல்யாணத்துக்கு ஏலக்காய் ரொட்டி பின்னிச் சுட்ட கையடி இது.

ஜனவரி 24, சனி

வெட்கத்தை விட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஹுல்தா, வா. காபி கொதிக்குது."

"வேணாம்."

"வயித்துப் பிள்ளையோட ஏன் இம்புட்டு தூரம் நடக்குற? உள்ள வந்து உக்காரு."

"வேணாம்க்கா."

நின்றாள். நானும் நின்றேன். இன்னும் என்ன, காலிலா விழ வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

தைமி இரண்டே கோப்பை எடுத்து வைத்தாள். மிச்ச ஒன்பதையும் நான் எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 14, சனி

எங்கள் இரண்டு பேருக்கு அடுப்படியில் ஒரு வாளி வெந்நீர் போதும். இத்தனை விறகு எதற்கு? யாருக்காக? — மூட்டினேன். இங்கே ஒரு மனுஷி இருக்கிறாள் என்றாவது தெரியட்டும். நாள் முழுக்கத் தைமியைத் தவிர யாரோடும் நம் மொழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டிடம் பேசினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று மத்தியானம் வாசலில் அலறல். ஓடிப் பார்த்தால் ஹுல்தா பனியில் மண்டியிட்டுக் கிடக்கிறாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. நெஸ்தோரி என் புகைபோக்கியைப் பார்க்கிறான், மேட்டைப் பார்க்கிறான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ, உச்சி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"உன் கொள்கைய நீ தூக்கிட்டுப் போ! என்னை அந்தச் சூட்டுல கொண்டு போய்ப் போடு!"

ஒரு பக்கம் நெஸ்தோரி, மறுபக்கம் என் வீட்டு நால்வரில் ஒருவன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தூக்கிவந்தார்கள். நாங்கள் எல்லோரும் சௌனாவில் பிறந்தவர்கள்தான். அதைவிடச் சுத்தமான இடம் எந்த வீட்டிலும் கிடையாது. வெந்நீர் தயாராக இருந்தது, கழுவிய பலகை இருந்தது. இருட்டுவதற்குள் பெண் பிறந்தது. என் கையில்தான் முதலில் விழுந்தது. கருங்காலிக்குச் சோறு போடுகிற இதே கையில்.

நெஸ்தோரி படியிலேயே நின்றான். காபி என்றேன், வேணாம் என்றான். திரும்பக் கூப்பிட்டேன், வேணாம். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ஹுல்தா சொன்னாள்: "அன்னிக்கு நீ ரெண்டு தடவதான்க்கா கூப்பிட்ட. மூணாவதுக்காகத்தான் நின்னேன். நீ பாட்டுக்குக் கதவச் சாத்திட்ட."

ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால்! நான்கு சனிக்கிழமைகள், பாவி, நான்கு சனிக்கிழமைகள் கோப்பைகளை எடுத்து வைத்து எடுத்து வைத்து... அவர்களுக்கு மட்டும்தானா வீம்பு?

மார்ச் 7, சனி

வேலைநிறுத்தம் முடியவில்லை. உச்சி வீட்டுக்காரர்கள் வரவில்லை, இனியும் வர மாட்டார்கள். மற்றபடி ஹுல்தா, குழந்தை, கீழ்த்தெருவிலிருந்து இரண்டு குடும்பங்கள். நெஸ்தோரி குளித்துவிட்டு, அந்த நால்வருக்கும் முகம் கொடுக்காமல், அவர்களுக்கான வாளியை மட்டும் நிரப்பி வைத்துவிட்டுப் போனான். கோப்பை பற்றாமல் தைமி ஜாடியில் காபி குடித்தாள்.

வீட்டுக்காரி கடைசியில்தான் போக வேண்டும். என் முறை வந்தபோது வெந்நீர் ஒரு சொட்டு இல்லை. தொட்டியில் பனிக்கட்டியை உடைத்து, பச்சைத் தண்ணீரிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.