எந்த இனிப்பு

மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வந்த மாதிரிப் போத்தல் ஒன்றை இன்று காலை அலுவலகத்தில் திறந்தார்கள். வயதான ரீஸ்லிங், ஜெர்மன் வெள்ளை வைன். அறையெங்கும் மண்ணெண்ணெய் வாசம்.

நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். ரேஷன் கடை.

ருசிக் குறிப்புத் தாளை என்னிடம் நீட்டினார்கள். உன் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. உன் மேசையில் அச்சு இயந்திரத்தை வைத்துவிட்டார்கள்.

மல்கிரேவில் இந்த இறக்குமதி அலுவலகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நீ வெரிபீயிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து வருவாய். அப்படியும் நீதான் முதலில் வந்திருப்பாய். ஐரோப்பியப் போத்தல்களின் லேபிள்களைச் சரிபார்ப்பது நம் வேலை. ஊர், திராட்சை, தரம், ஆண்டு. ஷாம்பெயின் என்ற பெயரை அந்த ஊர் வைன் மட்டுமே சூடலாம். உங்கள் கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கும் அப்படியொரு பெயர்க்காப்பு உண்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

விதிகளை நான் பாடமாக்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்தாய்.

"பிரான்ஸ்காரன் எங்க விளைஞ்சதுன்னு கேப்பான். ஜெர்மன்காரன் எவ்வளவு பழுத்துச்சுன்னு கேப்பான். ஸ்பெயின்காரன் எத்தனை வருஷம் பீப்பாயில பொறுத்தேன்னு கேப்பான். நல்லா இருக்கான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்டி."

இத்தாலிக்காரன் என்றேன். போத்தலின் கழுத்தில் சுற்றியிருந்த அரசாங்க முத்திரைத் தாளைக் காட்டினாய். அவன் தாலியே கட்டி அனுப்புகிறான் என்றாய்.

உனக்கு லேபிள் மேசை போதவில்லை. ருசிக் குறிப்பு எழுதும் மேசைக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு தேர்வு. எழுத்து ஒரு பாதி, ருசி மறுபாதி. துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டாய்.

முதல் வகுப்பு, ஒரு சனிக்கிழமை மதியம். ஆளுக்கு ஆறு கண்ணாடிக் குவளைகள், பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி. எல்லோரும் வாயில் சுழற்றித் துப்பினார்கள். நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கொடுத்ததைக் கொடுத்தவர் முன்னால் எப்படித் துப்புவது? ஆறையும் விழுங்கினோம். வெரிபீ ரயிலுக்குப் பதில் நீ என் ரயிலில் ஏறினாய். வீட்டுக் கதவைத் திறந்த அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன பிள்ளை, இப்பிடி மணக்குது?"

"படிச்சிட்டு வர்றோம் ஆன்ட்டி."

அம்மா இருவருக்கும் சோறு போட்டாள்.

பிறகும் நீ துப்பவில்லை. ஒரு மிடறு குறைவாக எடுத்துக்கொள்ளப் பழகினாய், அவ்வளவுதான். அல்சாஸ் ஊர் மஸ்கட் வைனுக்குப் 'பன்னீர்த் திராட்சை' என்று எழுதினாய். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டார். வகுப்பில் கொடுத்த ருசிப் பட்டியலில் இல்லாத சொல். ரீஸ்லிங்குக்கு 'ரேஷன் கடை'. அதற்கும் ஒரு வட்டம். நான் பட்டியலில் இருந்த சொற்களைத் தேடி எழுதினேன். நெல்லி மாதிரி ஏதோ ஒரு வெளிநாட்டுக் காய். நான் தின்றதேயில்லை. எனக்குச் 'சரி' விழுந்தது.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். ருசித் தேர்வுக்கு முன்பே உனக்கு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாமே இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாய். தண்ணீர்கூட. தேர்வைத் தள்ளிவைத்தாய். இன்னொரு தடவையும். கம்பத்தில் உன் அம்மா விசாவுக்குக் காத்திருந்தார். நான் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து போனேன். ஒருநாள் உள்ளே போன கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. அட்டைக் கிண்ணத்தை நான் பிடித்திருந்தேன்.

"பாரு, இப்ப நல்லாத் துப்பப் பழகிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும்.

கடைசிக்கு முந்திய கிழமை ஒரு சின்னப் போத்தல் கொண்டுவரச் சொன்னாய். குடிக்க முடியாது. நான் குடித்துச் சொல்ல வேண்டும், நீ கேட்க வேண்டும். தாதி அனுமதித்தாள். பிளாஸ்டிக் குவளையில் ஊற்றினேன். ஜன்னலில் வெயில் இருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் தொடங்கினேன். மோசல். ரீஸ்லிங். ஸ்பேட்லேஸ தரம், அதாவது பிந்தி அறுத்த பழம்.

"லேபிள் வேணாம்டி. ருசி சொல்லு."

"இனிப்பா இருக்கு."

"எந்த இனிப்பு?"

வாயில் வைத்துக்கொண்டு தேடினேன். சீனி இல்லை. தேன் இல்லை. மாம்பழம் இல்லை. பட்டியல் முழுவதும் மனதில் ஓடியது. ஒரு சொல்லும் நிற்கவில்லை. நீ காத்திருந்தாய். எத்தனை விதி கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீ கேட்டது அது ஒன்றுதான்.

"தெரியேல்லையடி."

நீ கண்ணைத் திறக்கவில்லை. கோபமும் இல்லை. மெல்லச் சொன்னாய்.

"பரவால்ல. துப்பிடாத."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். பன்னீர்த் திராட்சை என்று சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தெரிந்தால்தான் என்ன. இது வீடு திரும்பும் ரயிலிலேயே தோன்றிவிட்டது. இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை மற்ற ஐந்து பேரும் வாளியில் துப்பினார்கள். என் தாளில் ஊர், திராட்சை, தரம், ஆண்டு எல்லாம் நிரம்பியிருந்தன. ருசி என்ற கட்டத்தில் 'ரேஷன் கடை' என்று எழுதினேன். அது உன் சொல். அதன் கீழே என் சொல்லுக்கு இடம் இருந்தது. வைன் இன்னும் வாயில் இருந்தது. சூடேறி, மணம் போய், இனிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

எந்த இனிப்பு?

மேலாளர் தாளுக்குக் கை நீட்டினார். மீதி இடத்தை அப்படியே விட்டுத் தாளைக் கொடுத்தேன்.

விழுங்கிவிட்டேன்.